ஆலத்தித் தட்டு, எண்ணெய்ப் போத்தல், அடிமட்டம்: வீட்டுப் பொருட்களில் அரூப ஒளிப்படம்

தேயிலை மலையை அழகாகப் படம் எடுப்பது எப்படி என்று தேடி இந்த அத்தியாயத்தைத் திறந்திருந்தால், இது உங்களுக்கானது அல்ல. இங்கே மலை வராது. கொழுந்துக் கூடையும் வராது. 1890இல் தொடங்கிய கொழும்பின் பிளேட் நிறுவனம் அஞ்சலட்டை அச்சிட்ட காலம் முதல், இன்று ஹாலிஎலச் சந்தியில் வானை நிறுத்தி இறங்கும் பயணியின் போன் வரை, மலையகம் கூடையும் பச்சையுமாக எண்ணிலடங்காத தடவை படமாகிவிட்டது. அந்தப் படங்களில் நின்றவர்கள் நாங்கள். எடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்த அத்தியாயத்தில் எடுப்பவர் நீங்கள். உங்கள் குசினியில் இருக்கும் தட்டும், காம்பராவில் இருக்கும் அடிமட்டமும், இஸ்தோப்பில் காயும் சேலையும்தான் பொருட்கள். பெரிய கமரா தேவையில்லை. சாதாரண போன் போதும்.

அரூப ஒளிப்படம் என்றால், பார்ப்பவர் "இது என்ன பொருள்?" என்று கேட்பதற்கு முன்பே நிறமும் வடிவமும் அவர் கண்ணைப் பிடித்துவிட வேண்டும். கோட்பாடு அவ்வளவுதான். அமெரிக்காவில் போல் ஸ்ட்ராண்ட் 1916 கோடையில் வீட்டுக் கிண்ணங்களையும் விறாந்தையில் விழுந்த நிழலையும் நெருங்கி எடுத்தார். அவை இந்த வகையின் தொடக்கப் படங்களில் சேரும். கொழும்பில் லயனல் வென்ட் 1944இல் இறக்கும்வரை இருட்டறையில் நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தும், பாதியில் வெளிச்சம் காட்டியும் புதுப்புது வடிவங்களைத் தேடினார். அவர்கள் இருவரும் கறுப்பு வெள்ளையில் வேலை செய்தார்கள். நமக்கு நிறம் இருக்கிறது.

முதலில் போனைத் தயார்செய்யுங்கள்

1. வில்லையைத் துடையுங்கள். பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். குசினியில் எடுக்கும் படம் மங்கலாக வந்தால், பெரும்பாலும் வில்லையில் ஒட்டிய எண்ணெய்க் கைதான் காரணம்.

2. பிளாஷை நிறுத்துங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அது வேண்டாம்.

3. திரையில் பொருளின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்தால் நிறம் அடர்த்தியாக நிற்கும்.

4. புரோ முறை இருந்தால் வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் வையுங்கள். படம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும்போது போன் அதைப் பிழையென்று எண்ணித் "திருத்த" முயலும். மஞ்சள் தண்ணீர் வெளிறிப் போவது இதனால்தான். புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது.

5. மிக நெருங்காதீர்கள். பல போன்களின் பிரதான கமரா 10 சென்டிமீற்றருக்குக் கிட்டே வந்தால் குவியாது. சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் திரையை விரித்துப் பெருப்பித்து எடுப்பதைத் தவிருங்கள்.

6. இரவில் மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

குறிப்பு: நல்ல வெளிச்சத்துக்கு யன்னல் போதும். வானம் மூடியிருக்கும் நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழை மேகம் நிற்கும் நாட்களில் நிழல் கடுமையாக விழாது, நிறம் சமமாகத் தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் கூர்மையானது. அந்த மாதங்களில் யன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பயிற்சி ஒன்று: ஆலத்தித் தண்ணீர்

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சடங்கில் முழுவதும் சிவந்த தண்ணீரைத்தான் பார்க்கிறோம். மஞ்சள் சிவப்பாக மாறும் அந்தச் சில நொடிகளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. படம் அங்கேதான் இருக்கிறது.

வேண்டியவை: ஆழமில்லாத வெள்ளைப் பீங்கான், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், கடலை அளவு வெற்றிலைச் சுண்ணாம்பு, அரை தேசிக்காய், இரண்டு ஈர்க்கு, ஒரு மெல்லிய துணி.

1. வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் வடியுங்கள். வடிக்காவிட்டால் தூள் புள்ளி புள்ளியாக மிதந்து படத்தை அழுக்காக்கும்.

2. வேறொரு கிளாசில் சுண்ணாம்பைப் போட்டுக் கரண்டியால் கலக்குங்கள். அடியில் படிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீர் மட்டும்தான் வேண்டும்.

3. பீங்கானை யன்னலோரம் வைத்து மஞ்சள் தண்ணீரை விரல் நக அளவு உயரத்துக்கு ஊற்றுங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

4. இரண்டு பக்கமும் செங்கல் அல்லது அரிசித் தகரம் வைத்து, அவற்றின் மேல் போனைப் பாலம்போல வையுங்கள். போன் தட்டுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சாய்ந்தால் பாதிப் படம் மங்கும்.

5. தட்டின் அடியில் ஓர் அரிசியைப் போட்டு அதன் மேல் குவியத்தைப் பூட்டுங்கள். அரிசியை எடுத்துவிட்டு, தண்ணீர் மறுபடி அடங்க விடுங்கள்.

6. ஈர்க்கின் நுனியைச் சுண்ணாம்புத் தெளிவில் தோய்த்துத் தண்ணீரின் மேல் மெதுவாகத் தொடுங்கள். சிவப்பு நூல் நூலாக இறங்கி விரியும். ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுங்கள். நல்ல படம் முதல் சில நொடிகளுக்குள் வந்துவிடும். அதன்பின் நூல்கள் கரைந்து வெறும் கறையாகும்.

7. அடுத்த ஈர்க்கைத் தேசிக்காய்ச் சாற்றில் தோய்த்துச் சிவப்பின் நடுவில் தொடுங்கள். அந்த இடம் திரும்பவும் மஞ்சளாகும். சிவப்பும் மஞ்சளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் விளிம்பை எடுங்கள். எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகப் பிடித்த படம் இதுதான்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். சுண்ணாம்பு இல்லாத வீட்டில் துணி துவைக்கும் சவர்க்காரத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், சிவப்பு மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

வழக்கமாக நேரும் பிழைகள்: சுண்ணாம்பு கூடிப்போனால் தட்டு முழுக்க ஒரே நேரத்தில் செந்தவிட்டு நிறமாகிவிடும். ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், கெட்டுப்போன தட்டைத் திருத்த முயலாதீர்கள். போனின் நிழல் தண்ணீரில் விழுந்தால் யன்னலும் நீங்களும் தட்டுக்கு எதிரெதிர்ப் பக்கமாக வரும்படி இடம் மாறுங்கள். தட்டின் வளையம் படத்தில் தெரிந்தால் அது உடனே "தட்டு" ஆகிவிடும். வளையத்தை வெட்டுங்கள்.

கவனம்: சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். தெளிந்த தண்ணீரும்தான். சிறுபிள்ளைகள் தட்டுக்கு மேல் முகத்தை வைத்துப் பார்க்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் சுத்தத் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சடங்குக்கு வைத்த ஆலத்தியை இதற்கு எடுக்காதீர்கள். தனியாகக் கரையுங்கள், பெரியவர்களின் மனம் நோகாது.

பயிற்சி இரண்டு: உறைந்த எண்ணெய்

தண்ணீரின் மேல் எண்ணெய்த் துளிகளை விட்டுப் படம் எடுப்பதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் நம்மிடம் அவர்கள் பலரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையும். மார்கழி, தை மாதக் காலைகளில் ஹாலிஎல வீடுகளில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டிபிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு வைக்க அதை அடுப்போரம் கொண்டு போவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள்.

1. அடிப்பக்கம் தெளிவான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுங்கள். நிறமில்லாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியும் சரி. உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டை மட்டும் எடுக்க வேண்டாம், விளிம்பு கையை அறுக்கும்.

2. இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாத்திரத்தை வையுங்கள். கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

3. அந்த இடைவெளியின் தரையில் நிறத் துணியை விரியுங்கள். கோடும் கரையும் உள்ள சேலைதான் மிக நல்லது. துணி குவியத்தில் இருக்கக் கூடாது, அதன் நிறம் மட்டும் மேலே வர வேண்டும். மயில் நீலத்தில் செம்மஞ்சள் கரை வைத்த சேலை ஒன்று, வேறு எந்தத் துணியையும்விட எனக்கு அதிகப் படம் தந்திருக்கிறது.

4. பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைத் துணியின் மேல் அடியுங்கள். பாத்திரத்தின் மேல் அடித்தால் பளபளப்புத்தான் வரும்.

5. பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, உறைந்த எண்ணெயைச் சுண்டுவிரல் நக அளவு துண்டுகளாகப் போடுங்கள். ஓரம் முதலில் உருகிக் கண்ணாடிபோலத் தெளியும், நடு வெள்ளையாகவே நிற்கும். தெளிந்த ஓரம் ஒரு சிறு வில்லையாகிக் கீழேயிருக்கும் சேலையைத் தலைகீழாகவும் வளைவாகவும் காட்டும்.

6. எண்ணெயின் விளிம்பில் குவியத்தைப் பூட்டி எடுங்கள். முழுவதும் உருகும்வரை, நிமிடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துக்கொண்டே இருங்கள்.

7. உருகிய பிறகும் நிறுத்தாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு ஈர்க்கால் கிளறினால், பெரிய எண்ணெய் வட்டம் பல சிறு வட்டங்களாக உடையும். அது இன்னொரு படம்.

குறிப்பு: வெயில் காலத்தில் எண்ணெய் உறையாது. குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள்.

கவனம்: எண்ணெயை அடுப்பில் சூடாக்க வேண்டாம். தரையில் சிந்தியதை உடனே துடையுங்கள். சீமெந்துத் தரையில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் வழுக்கி விழுவது நிச்சயம். மின்வயர் உள்ள மேசை விளக்கைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள், பற்றரி டோர்ச் போதும். மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், கீழே இருப்பது சேலை.

பயிற்சி மூன்று: அடிமட்டத்துக்குள் வானவில்

இதற்கு மடிக்கணினி ஒன்று வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்திலோ, பல்கலைக்கழகம் போகும் அக்காவிடமோ அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

எல்சிடி திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஒரே தளத்தில் மட்டும் அதிரும். நிறமில்லாத பிளாஸ்டிக் அந்த அதிர்வைத் திருப்பும். இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்க்கும்போது அது நிறமாகத் தெரியும். வார்த்தையில் சொன்னால் நம்ப முடியாது. செய்து பாருங்கள்.

1. வடிகட்டி: போலரைஸ்ட் வெயில் கண்ணாடி. உங்கள் கண்ணாடி அந்த வகையா என்று அறிய, அதைத் திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை கறுத்தால் சரி. கறுக்காவிட்டால் அது இதற்கு உதவாது. கண்ணாடி இல்லாதவர்கள், பழுதான கல்குலேட்டரின் திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சாம்பல் தாளை உரித்துப் பயன்படுத்தலாம்.

2. மடிக்கணினியில் வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து திரையை முழு வெளிச்சத்தில் வையுங்கள். அறையை இருட்டாக்குங்கள்.

3. வடிகட்டியைப் போன் வில்லையின் மேல் பிடித்து, திரை கறுக்கும்வரை சுற்றுங்கள். அந்தக் கோணத்தில் அதைச் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள்.

4. திரைக்கும் போனுக்கும் நடுவில் பிளாஸ்டிக் அடிமட்டத்தைப் பிடியுங்கள். பிள்ளைகள் கொம்பாஸ் பெட்டியில் வைத்திருக்கும் நிறமில்லாத அடிமட்டம்தான். கறுப்புத் திரையில் ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்புமாக அலை ஓடும். அடிமட்டத்தை மெல்ல வளைத்தால் நிறம் நகரும்.

5. அடுத்தது செலோடேப். தெளிவான பிளாஸ்டிக் மூடியின் மேல் டேப் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். ஓர் அடுக்கு, இரண்டு, மூன்று என்று கூடக் கூட ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நிறமாகும். பெயின்ட் ஒரு துளிகூட இல்லாமல் நிறத்தால் கட்டம் போடலாம். பரிசுப் பொதி சுற்றி வரும் கண்ணாடித் தாளைக் கசக்கிப் பிடித்தாலும் நல்ல நிறம் வரும்.

பிழைகள்: அடிமட்டத்தின் எண்களும் கோடுகளும் படத்தில் வந்துவிட்டால் எல்லாரும் அதையே வாசிப்பார்கள். எண் இல்லாத விளிம்பை எடுங்கள். படத்தில் திரையின் சிறு புள்ளிகள் அலை அலையாகத் தெரிந்தால், அடிமட்டத்தைத் திரையிலிருந்து இன்னும் ஒரு சாண் முன்னால் கொண்டு வாருங்கள்.

கவனம்: கல்குலேட்டர் திரையின் கண்ணாடியை உடைக்காதீர்கள். உரிக்கும் வேலையைப் பெரியவர் செய்யட்டும். எந்த வடிகட்டி இருந்தாலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, போனாலும் எடுக்கக் கூடாது. நெருக்கப் படத்துக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி பாவிப்பவர்கள், அதை யன்னலோரம் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடதாசியில் நெருப்புப் பற்றும்.

சிறு பயிற்சிகள்

பிளேன்டீ: கண்ணாடி கிளாசில் ஊற்றி, பின்னாலிருந்து வெயில் வரும்படி யன்னலில் வையுங்கள். சாயம் கூடக் கூட செம்மஞ்சள் செம்பாகும். மூன்று சாயத்தில் மூன்று கிளாஸ் வைத்து, அவை ஒன்றையொன்று மறைக்கும் இடத்தை எடுங்கள். ஆவி வில்லையில் படிந்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

சில்வர் டம்ளர்: பக்கத்தில் சிவப்பு வாளி, பச்சைச் செருப்பு என்று எதையாவது வைத்து, டம்ளரின் வயிற்றில் நீண்டு வளையும் நிறத்தை மட்டும் எடுங்கள். உங்கள் முகம் அதில் தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

குங்குமமும் கோலப்பொடியும்: தாளில் தூவி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். காற்றில் வீசி எடுக்க ஆசை வரும். வீட்டுக்குள் வேண்டாம். 2015 ஜூனில் தாய்வானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் மேடையிலிருந்து தூவிய வண்ணச் சோளமாவு தீப்பிடித்து உயிர்கள் போயின. நுண்ணிய தூள் காற்றில் பரவினால் எரியும்.

வெளியே போகும்போது

வீட்டுக்குள் இந்த மூன்று பயிற்சியும் கைவந்த பிறகு வெளியே போங்கள். அதற்கு முன் போனால் காட்சிதான் கண்ணில் படும், நிறம் படாது.

1. ஒரு நாளைக்கு ஒரு நிறம் என்று வையுங்கள். இன்று நீலம் என்றால் நீலம் மட்டும்: லயத்துத் தகரத்தில் உரிந்த பெயின்ட், சந்தைக் கடையின் தாப்பாள், தண்ணீர் பரல், உரப்பேக்கின் எழுத்து.

2. ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு அடி தள்ளி ஒரு படம், பிறகு நெருங்கி ஒரு படம். இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. துருப்பிடித்த தகரத்தைக் காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் எடுங்கள். உச்சி வெயிலில் அதன் மடிப்புகள் தட்டையாகிவிடும்.

4. அசைத்து எடுக்க விரும்பினால் ஷட்டரை 1/8இல் வைத்து, தேயிலை நிரையின் போக்கிலேயே போனை நகர்த்துங்கள். பச்சைக் கோடுகள் மட்டும் மிஞ்சும். பட்டப்பகலில் இது வெளுத்துவிடும். பொழுது சாயும் நேரம் சரி.

ஹாலிஎலயிலிருந்து திரும்பிப் போனால் போகொடவில் கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் இருக்கிறது. மரத்தின் ரேகைக்காகவே ஒரு தடவை போகலாம். பழமையான சின்னம் என்பதால் கையால் தேய்க்காமல், தண்ணீர் தெளிக்காமல் எடுங்கள்.

கவனம்: தண்டவாளத்தில் நிற்காதீர்கள், நடக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், வளைவில் ரயில் வருவது தெரியாது. ஸ்டேஷனின் பெயின்ட் உரிந்த கதவு வேண்டுமானால் அதிபரிடம் கேட்டுவிட்டு மேடையிலிருந்து எடுங்கள். தேயிலைக்குள் போகும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் குளவிக்கூடு இருக்கிறதா என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு மண்மேட்டின் அடியில் நின்று எடுக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மீரியபெத்தத் தோட்டத்தைப் புதைத்த மண் நம் பதுளை மாவட்டத்து மண்தான். தேயிலை ஸ்டோருக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். இன்னொருவர் வீட்டுச் சுவரையோ கொடியில் காயும் துணியையோ எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எடுத்த பிறகு காட்டுங்கள். எங்களைக் கேட்காமல் எடுத்தவர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டியதில்லை.

தெரிவும் அச்சும்

1. எடுத்த அன்றே அழிக்காதீர்கள். மறுநாள் காலை பாருங்கள்.

2. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் கண் நிற்கிறதென்றால் வையுங்கள்.

3. ஸ்னாப்சீட் போன்ற செயலியில் வெட்டுங்கள், மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிறச்செறிவுப் பட்டையைத் தொடாதீர்கள். சேலையில் இல்லாத நிறத்தைச் செயலியில் ஏற்றினால் அச்சில் அது அப்பிய மாதிரி வரும்.

4. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி. வெட்டாமல் இருந்தால் 12க்கு 8 அங்குல அச்சுக்குத் தாராளம். பாதியாக வெட்டியிருந்தால் 6க்கு 4உடன் நிறுத்துங்கள்.

5. போன் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அச்சு ஏறக்குறைய அப்படித்தான் வரும். இருட்டாகத் தெரிந்தால் அனுப்பும் முன் சற்று வெளிச்சமாக்குங்கள்.

6. பதுளை நகரத்து ஸ்டூடியோவில் கொடுக்கும்போது மெட் தாளில் கேளுங்கள். "நிறத்தைத் திருத்த வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முகத்துக்குச் செய்கிற திருத்தத்தை மஞ்சள் தண்ணீருக்கும் செய்துவிடுவார்கள்.

7. அச்சு வந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: திகதி, பொருள், வெளிச்சம் வந்த பக்கம், யாருடைய சேலை.